முடிச்சுப் பக்கம் மேலே

1

நூல் போன்ற ஒரு பாசிக்குள் இரண்டு ஓட்டங்கள். ஒன்று மேலே போகிறது, மற்றது கீழே வருகிறது. நடுவில் சுவர் கிடையாது. பிறகு ஏன் மோதிக்கொள்வதில்லை? போன வருஷம் நுண்ணோக்கியில் இதைப் பார்த்தபோது எனக்கு எழுந்திருக்கவே மனசில்லை. கதை அங்கேதான் பிறந்தது.

1938. திருவனந்தபுரத்தில் மழை பிடித்துக்கொண்

(வேண்டாம். மழைக்கு இங்கே வேலையில்லை.)

2

ராஜபாய் ஒரு கல்லூரியில் தாவரவியல் செய்முறை ஆசிரியை. வெள்ளாயணிக் காயலில் எடுத்த அந்தப் பாசியைப் பற்றித் தன் முதல் கட்டுரையை எழுதியிருந்தாள். விரல் நீளத்துக்கு ஒரே செல்! பேராசிரியர் ஸ்ரீகண்டன் ஒரு வரியில் பென்சிலை வைத்தார்.

"நிலையான தடம் உண்டுன்னு எழுதியிருக்கேளே, தடத்தைப் பார்த்தேளா?"

"ஓடுறதப் பாத்தேன் சார்."

"ஆத்திலே சருகுகூடத்தான் ஓடறது. அடியிலே தண்டவாளமா போட்டிருக்கு? நாளைக்குத் தபால். அதுக்குள்ளே நிரூபியுங்கோ, இல்லேன்னா அடிச்சுடுங்கோ."

கட்டுரையில் அவளுடையது என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

3

[இந்த இடத்தில் 'ஆக்டின்' என்று எழுதி அடித்தேன். அந்தப் பெயர் பிறக்க இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. செல்லுக்கு எலும்பில்லை, ஆனால் ஆக்டின் போன்ற புரத இழைகளாலான உட்சட்டகம் உண்டு. வடிவத்தைத் தாங்குவதும் அதுதான், சரக்கு போகும் பாதையும் அதுதான். நமக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லிவிட எனக்குக் கை பரபரக்கிறது.]

4

ஆரியசாலையில் ஒரு டாக்டரிடம், குழாயைச் சுழற்றி உள்ளே இருப்பதை அடியில் படியவைக்கும் கை யந்திரம் இருந்தது. கம்பவுண்டர் வேலப்பன் ராஜபாய் கொண்டுவந்த பாசியைப் பார்த்தார்.

"எம்மா, இது மூத்திரம் சுத்துக மிஷினாக்கும்."

"கழுவித்தானே வச்சிருக்கிய அண்ணாச்சி?"

"கழுவாமலா? டாக்டர் கேட்டா, கொளத்துக்கு என்ன சீக்குன்னு சொல்லட்டும்?"

முதல் பாசி சுற்றிய வேகத்தில் உடைந்தது. இரண்டாவதின் மேல்முனையில், ஒரு பக்கமாக, சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் பக்கம் ஓட்டம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே.

"மெள்ளச் சுத்துங்க. தயிர் கடையுற மாதிரி."

செல்லுக்குள் ஓட்டத்தோடு ஓடிய சிறு மணிகள் எல்லாம் அடிமுனையில் குவிந்தன. அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். ஒரு மணி அசைந்தது.

5

ஸ்ரீகண்டன் வரியை விட்டுவைத்தாரா? மூன்று முடிவு எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் நோட்டில் எழுதியதை மட்டும் தருகிறேன்:

"சுற்றினால் மணிகள் இடம் மாறுகின்றன. விட்டதும் மறுபடி முடிச்சுப் பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே. உடையாத ஏழு பாசியிலும் இப்படியே. ஓடுவது கலைந்தாலும் திசை கலையவில்லை. ஆகவே, தடம் உண்டு."