கொசுறுப் பட்டை

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டர், "இன்னும் பத்து நாள் இருக்கணும்" என்றார். "ஏழா முடிச்சுக்கலாமே" என்றார் அப்பா. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ரத்தம்தான் எனக்கும். அதனால்தான் ஸ்பிரிங் பட்டறையில் அப்படி ஒரு காரியத்தைச் செய்தேன்.

நான் தரை டைல்ஸ் விற்கிறவன். கடைக்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு. பழையது. முன்னால் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீள சீட். இப்போது வரும் வண்டிகளில் ஆளுக்கொரு நாற்காலி போட்டு நடுவில் வேலி கட்டிவிடுகிறார்கள். அதனாலேயே இதை நான் மாற்றவில்லை.

என் மனைவி நர்ஸ். மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் ஆகிப் போனாள். திரும்பி வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ராத்திரி டியூட்டி முடித்த கையோடு ரயிலேறி, சனிக்கிழமை மதியம் வந்து இறங்குவாள். ஸ்டேஷனிலிருந்து வீடு ஒரு மணி நேரம். வண்டியில் ஏறியதும், "தண்ணி மோட்டார் சரி பண்ணியாச்சா?" என்று கேட்பாள். நான் பதிலைப் பாதி சொல்வதற்குள் தலை என் தோளில் விழுந்துவிடும். முடியில் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. கியர் போடும் கை அந்தப் பக்கம்தான். கையை அசைத்தால் விழித்துவிடுவாளே என்று, வண்டியை மூன்றாம் கியரில் போட்டுவிட்டு அப்படியே ஊர்ந்து வருவேன். பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரிப்பான். விசாரிக்கட்டும்.

வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அவள் எனக்கில்லை. என் அம்மாவின் முழங்கால், சேர்ந்து கிடக்கும் துணி, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி வரிசையில் வரும் பக்கத்து வீட்டுக்காரிகள். ஞாயிறு சாயங்காலம் மறுபடி ரயில். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் பங்குக்கு நிற்பது அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம்.

அதற்கும் ஒரு பங்காளி வந்தான். சனிக்கிழமை காலை வாடிக்கையாக ஒரு கட்டடத்துக்கு லோடு போகும். மொத்தத்தையும் ஏற்றினால் வண்டி பின்னால் குந்திவிடும், டயர் மட்கார்டில் உரசும். இரண்டு நடையாக அடித்தால் ஸ்டேஷனுக்கு நேரமாகிவிடும். நான் போய்ச் சேரும்போது அவள் பையைக் கட்டிக்கொண்டு பிளாட்பார பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பி வண்டியில் ஏற்றினால் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு வருவாள். எனக்கு வரவேண்டிய தூக்கத்தை ஒரு சிமென்ட் பெஞ்ச் சாப்பிட்டுவிட்டது.

ஒரே நடையில் லோடை முடிப்பது என்று தீர்மானித்து ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி வண்டிக்கடியில் படுத்து, வில்லாக வளைந்து அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூடப் போட்டா போதும், மொதலாளி. நீங்க சொல்ற பாரத்தை அசால்ட்டா தூக்கும்."

விலை பேசினோம். அவர் ஏறினார், நான் இறங்கினேன், நடுவில் சந்தித்தோம். அத்தோடு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"இவ்வளவு பெரிய வேலை குடுக்கிறேன். பக்கத்துக்கு ஒண்ணு கொசுறு கிடையாதா?"

மேஸ்திரி வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "இது என்ன கறிவேப்பிலையா, ஒரு கொத்து சேத்துப் போட?"

"அந்த மூலையில சும்மாதானே கிடக்கு?"

"கிடக்கு. ஆனா மூணு போட்டா வண்டி விறைச்சுக்கும். லோடு இருந்தா ஒண்ணும் தெரியாது. காலியா போனீங்கன்னா தூக்கி அடிக்கும்."

"யோவ் மேஸ்திரி, இல்லேன்னு சொல்ல மனசில்லாம கதை சொல்றீரு."

"போட்டுத் தொலைக்கிறேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்தேன். தூக்கி அடித்ததுதான். புதுச் சாமான் இறுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் எவ்வளவு ஏற்றியும் வண்டியின் பின்பக்கம் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தே நின்றது. சனிக்கிழமை ஒரே நடை. ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே பிளாட்பாரத்தில் நின்றேன். அந்த பெஞ்சை ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் இறங்கி வந்து என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். "என்னங்க, உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

ஏறினாள். மோட்டாரைப் பற்றிக் கேட்டாள். நான் பதிலை ஆரம்பித்தேன். கண் சொருகி, தலை என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அப்போது முதல் வேகத்தடை வந்தது.

வண்டி உதைத்தது. அவள் சீட்டை விட்டு எழும்பி, தலை கூரையில் முட்டி, கண் திறந்தாள்.

"என்னங்க இது, கழுதை மேல ஏறின மாதிரி இருக்கு?"

"புது ஸ்பிரிங். பழகிடும்."

பழகவில்லை. சின்னப் பள்ளம், பாலத்தின் இணைப்பு, நசுங்கிக் கிடந்த தகர டப்பா, எதையும் வண்டி மன்னிக்கவில்லை. கடைசியில் அவள் சன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவோரமாக நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறும்போது சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பேரம் பேசியிருப்பேன். அன்பாகச் சொன்னாள்.

"அடுத்த வாட்டி நீங்க வராதீங்க. பஸ் நேரா நம்ம தெருமுனைக்கே வருது. ஏறி உக்காந்தா தூங்கிடுவேன். உங்களுக்கும் கடை கெட்டுப்போகுது பாருங்க."

தலையாட்டினேன். பஸ்ஸில் யார் தோளில் சாய்வாள், கண்ணாடியில்தான் சாய்வாள் என்று மனதைச் சமாதானம் செய்தேன். அது சமாதானமாகவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே பட்டறை வாசலில் நின்றேன். மேஸ்திரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"அந்தக் கொசுறைக் கழட்டிடும். கூலி என்ன?"

அவர் ஒரு தொகை சொன்னார்.

"சரி" என்றேன்.

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "மொதலாளி, வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?"

"வீட்டுல வண்டியில தூங்க முடியலையாம்" என்றேன். அவர் கை துடைக்கும் துணியை எடுத்து, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"கொசுறைக் கழட்டினா உதை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எல்லாத்தையும் கழட்டினா பூ மாதிரி போகும், ஆனா பழையபடி ரெண்டு நடை."

"நடுவுல வழியே இல்லையா?"

"பாரம்தான் வழி. பாரம் இருந்தா இது சாது. ஏதாச்சும் ஏத்திக்கிட்டுப் போங்க. முப்பது பெட்டி டைல்ஸ் போதும், தொட்டில் மாதிரி ஆடும்." கொஞ்சம் யோசித்தார். "கொசுறும் இருக்கட்டும்னா நாப்பது வேணும்."

வாங்கிய கொசுறைத் திருப்பிக் கொடுத்த அவப்பெயர் எங்கள் வம்சத்துக்கு வேண்டாம். "நாப்பதே ஏத்திக்கிறேன்" என்றேன்.

அவள் வரவேண்டிய வாரம், வெள்ளிக்கிழமை போன் செய்தேன். "ஸ்டேஷன் பக்கத்துல ஒருத்தருக்கு லோடு இறக்கணும். எப்படியும் அந்த வழியாத்தான் வரேன். பஸ்ஸுக்கு நிக்காத."

சனிக்கிழமை, கட்டடத்து லோடை இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பி, நாற்பது பெட்டியை நானே சுமந்து ஏற்றினேன். காசு வாங்காமல், போய்ச் சேர ஊரில்லாமல், ஒரு வியாபாரி லோடு அடிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தார்ப்பாய் போட்டு மூடினேன். மிச்சம் பிடித்த அரை மணி நேரம் அதிலேயே கரைந்தது. ரயில் நுழையும்போதுதான் நானும் நுழைந்தேன், சட்டை பிழியப் பிழிய.

"குளிச்சுட்டுத் துவட்டாம வந்துட்டீங்களா?" என்றாள். தார்ப்பாயைப் பார்த்தாள். "இன்னும் இறக்கலையா?"

"ஆள் இல்லையாம். வா."

முதல் வேகத்தடை வந்தது. வண்டி குனிந்து, நிதானித்து, மெதுவாக எழுந்தது. மோட்டாரைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் கேள்வி வரவில்லை. தோளில் கனம் விழுந்தது. மூன்றாம் கியர். பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது. வழக்கமாகத் திரும்பும் முனையில் திரும்பாமல், குளத்தைச் சுற்றிக்கொண்டு போகும் நீளமான தெருவுக்கு வண்டியை விட்டேன். அந்த ஐந்து நிமிஷத்தை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் இறங்கியவள், நேராக வண்டியின் பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள்.

"நாப்பது" என்றாள். மாத்திரை எண்ணிப் பழகிய கண். "நேத்து பாத்த அதே கயிறு, அதே முடிச்சு. இந்த லோடு யாருக்குங்க?"

"ஒருத்தருக்கு."

"அந்த ஆள் எப்ப வந்து எடுத்துக்குவாராம்?"

"இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றாங்க" என்றேன்.

அவள் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்தைப் படுக்கை விரிப்பைச் செருகுவதுபோலச் செருகினாள். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பி, பெட்டிக் கயிறு அறுத்திருந்த கோட்டை விரலால் தடவினாள்.

"அதுவரைக்கும் ஏத்தி ஏத்தி இறக்குனா இடுப்பு என்னத்துக்காகும்?"

"பத்துப் பெட்டி குறைச்சுக்கலாம். ஸ்பிரிங்ல கொசுறா வாங்கின பட்டையைக் கழட்டணும்."

"கழட்டிடுங்க" என்றாள். "முப்பது போதும் எனக்கு."

ரயில் போனது. வண்டியை எடுத்தேன். சாலையில் பள்ளம் இருந்ததா என்றே தெரியவில்லை, அவ்வளவு சாதுவாக அசைந்து அசைந்து போனது. பக்கத்தில் அந்த நீள சீட் காலியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள் இருந்தன. அப்போதுதான் கவனித்தேன், இன்னும் மூன்றாம் கியரிலேயே வந்துகொண்டிருந்தேன்.