ரோக்கா வெர்லானாவின் மணி

பெட்டியில் கிடத்தியிருந்த கணவரின் நெஞ்சில் கிடந்த சால்வையை நீவிக்கொண்டிருந்த கனகேஸ்வரி, மண்டப வாசலில் மோனிகாவைக் கண்டதும் கையை நிறுத்தினாள். வந்துவிட்டாள்! மெல்பேர்ன் ரோவிலில் பக்கத்து வீட்டு வேலிக்காரி. இந்த மனிசன் செத்த பிறகும் விடமாட்டாள்.

எத்தனை பின்னேரங்கள்! பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று போய், வேலியில் சாய்ந்து நின்று அவளுடைய இத்தாலி ஊர்க் கதையைக் கேட்டுவிட்டு வருவார் அரியரத்தினம். கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து மலை உச்சியில் கட்டிய ஊராம், ரோக்கா வெர்லானா. உள்ளே போக ஒரேயொரு கல்வாசலாம். பூமி நடுங்கிப் பாதி சரிந்து, சனம் கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்ததாம். புட்டுக்குக் குழம்பு விடும்போதே எல்லாம் அவிழும்.

"எங்கட ஊரைப் பற்றி ஒரு சொல்லுக் கதையுங்கோவன்" என்றால், "அதையேன் இப்ப" என்று எழும்பிவிடுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மோனிகா கை காட்டினால் யன்னல் திரையை இழுத்துவிடுவாள்.

மோனிகா கைத்தொலைபேசியை நீட்டி, மகள் மிருணாளினியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள்.

"அம்மா, அப்பாவுக்காக அவையின்ர ஊர் வாசல் மணியை அடிக்கப் போகினமாம். அன்ரியின்ர மருமோள் அங்க போனோட நிக்கிறாவாம்."

"தாலி கட்டினது எனக்கு. மணி அடிக்கிறது அவளோ?"

"மெல்லமாக் கதையுங்கோ. மணி அடிச்சுப்போட்டு ஆளின்ர பேரைக் கூப்பிடுவினமாம். தனியக் கூப்பிடமாட்டினமாம், மனிசியின்ர பேரையும் சேர்த்துத்தானாம். உங்கட பேர் என்ன எண்டு கேக்கிறா."

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவளுக்குப் பெயர் தெரியாது!

"சொல்லாட்டி?"

"செய்தி சொன்ன ஆளின்ர பேரோட கூப்பிடுவினமாம். சொன்னது அன்ரி."

கனகேஸ்வரி தொலைபேசியைப் பறித்தாள்.

"கனகேஸ்வரி" என்றாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "கனக... ஈஸ்வரி."

மணி அடித்தது. அடித்து ஓய்ந்ததும் ஒரு கிழவனின் குரல் எழும்பியது. முதலில் அவருடைய பெயர். அதை ஒட்டி அவளுடையது. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது.

மோனிகா விம்மி அழுதாள். கனகேஸ்வரி அழவில்லை.

"இன்னொருக்காக் கூப்பிடச் சொல்லு, பிள்ளை. என்ர பேரைச் சத்தமா."

பெட்டியைச் சுற்றிப் போய், மோனிகா நிற்காத பக்கத்தில் அவருடைய காதில் தொலைபேசியை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.