முனகும் கார்

அக்காவுக்கு வீட்டில் ‘ஏன்’ என்றே பட்டப்பெயர். சின்ன வயதில் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். அவள் அறைக்குள் நுழைந்தாலே, “ஏன் வந்தாச்சு, பேச்சை மாத்துங்க” என்பான் தம்பி. ஐம்பதை நெருங்கியும் அந்தக் குணம் போகவில்லை. சொல்லப்போனால் பிழைப்பே அதை வைத்துத்தான் நடந்தது. பல் மருத்துவர், பூக்கடைக்காரி, குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர் என்று சிறு தொழில் செய்கிற முப்பது பேரின் வரிக்கணக்கை அவள்தான் பார்த்தாள். அந்த முப்பது பேரில் தம்பியும் ஒருவன்.

தம்பி பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு, பள்ளிக்கூடம், ஓட்டல் என்று ஏறி இறங்குவான். பன்னிரண்டு வருடமாக அவன் தொழிலை அக்கா ரசீதுகளாகத்தான் அறிந்திருந்தாள்: கம்பி, கம்பளித் துண்டு, பெட்ரோல். அவன் வேலை செய்வதைப் பார்த்ததே கிடையாது. உலகத்தையே குடைந்து பார்க்கிறவளுக்கு அது மட்டும் எப்படியோ தோன்றாமல் போயிற்று.

அவனுடைய பழைய வேன் ஒருநாள் நடுரோட்டில் கையை விரித்துவிட்டது. மின்சாரக் கார் வாங்கு, அதுவும் உன் பெயரில் வேண்டாம், தொழிலின் பெயரில் வாங்கு என்று அக்கா யோசனை சொன்னாள். புதிய மின்சாரக் காரைத் தொழிலுக்கென்று வாங்கினால் விலையில் பெரும்பகுதியை முதல் வருட வருமானத்திலிருந்தே கழித்துக்கொள்ளலாம். வரி நன்றாகக் குறையும். கார் பெரும்பாலும் தொழிலுக்கே ஓட வேண்டும், நாலு வருடம் கைமாறக் கூடாது, அவ்வளவுதான். தம்பி இதில் பாதியைக் காதில் வாங்கியிருந்தாலே அதிசயம். அவன் கேட்டது ஒரே கேள்வி: நிஜமாகவே அதில் எஞ்சின் சத்தம் இருக்காதா? வேனைவிட்டு இறங்கிய பிறகும் அதன் இரைச்சல் அரைமணி நேரம் காதிலேயே நிற்கிறதாம். அது அடங்கும்வரை ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பானாம். அது நல்ல தொழில் காரணம் என்று அக்கா கோப்பில் குறித்துக்கொண்டாள்.

கார் வந்தது. மூன்றாவது வாரம், முகச்சவரம்கூடச் செய்யாமல் தம்பி அவள் அலுவலகத்துக்கு வந்து சாவியை மேசைமேல் வைத்தான்.

“இதைத் திருப்பிக் கொடுத்திடலாம்க்கா.”

“ஏன்டா?”

“முனகுது.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். அந்தக் காரில் அவளும் இரண்டு தடவை போயிருக்கிறாள். ஒரு சத்தமும் கேட்டதில்லை. தெருவுக்குள் மெதுவாகப் போகும்போதுதான் என்றான் அவன். ஒன்றல்ல, இரண்டு சத்தம். இரண்டும் சேருவது போல வந்து சேராமல் ஒன்றோடொன்று உரசுகின்றனவாம்.

“வேன் சத்தம் வெறும் இரைச்சல், தன்னால அடங்கிடும். இது அரைகுறையா சேர்ந்த சுருதி. கேட்டா கை தானா சரி பண்ணப் போகுது, ஆனா பிடிச்சு முறுக்க அங்க கம்பி இல்ல. பைத்தியம் பிடிக்குது.”

முந்தின நாள் பள்ளிக்கூடத்துப் பியானோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பதில் நாலு மணி நேரம் ஆகியும் தன் காதின்மேல் நம்பிக்கை வராமல் பாதியில் விட்டு வந்திருந்தான். இப்போது திருப்பிக் கொடுத்தால் வரிச் சலுகை மொத்தமும் போய்விடும் என்று அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஆனால் அவள் மனம் சலுகையில் நிற்கவில்லை. கார் எதற்கு முனக வேண்டும்? கோப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்கள் நிற்கிற இடத்தில், அவள் ஒரு தூணோரம் நிற்க, அவன் நடை வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டு போனான். சக்கரம் தரையில் உருளும் சத்தம்தான் கேட்டது. இன்னொரு தடவை வரச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் தடவை சேலையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். காவலாளி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இந்தக் கூத்தைப் பார்த்தார். அப்போதுதான் கேட்டது: பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு ராகம் இழுப்பது போல ஒரு முனகல். ஆனால் அவளுக்கு அது ஒரே சத்தமாகத்தான் கேட்டது. இரண்டாவது எங்கே?

கார் விற்றவர்களுக்குப் போன் செய்தாள். இப்படி யாரும் புகார் சொன்னதில்லை என்றார்கள். சனிக்கிழமை தம்பியையும் இழுத்துக்கொண்டு நேரே அவர்களுடைய பட்டறைக்குப் போனாள். அங்கிருந்த மெக்கானிக் பெரிய உருவம், சின்னக் குரல். அது கோளாறு இல்லையாம். சத்தமே இல்லாமல் கார் வந்தால் நடந்து போகிறவர்களுக்குத் தெரியாது, முக்கியமாகக் கண் தெரியாதவர்களுக்கு. அதற்காக வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், நிறுத்த முடியாது என்றார். முன்பக்கத்தில் குனிந்து உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியைக் காட்டினார்.

அக்கா விடுவாளா? இந்தச் சத்தத்தை யார் தேர்ந்தெடுத்தது, ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போனாள். இத்தனை வருடத்தில் இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை போல. எரிச்சல்படுவார் என்று பார்த்தால், அவருக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. மடிக்கணினியைக் காரோடு இணைத்து எதையோ தேடினார். கடைசியில், காருக்குள் மூன்று விதமான சத்தம் இருக்கிறது, முதலாவதைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், மாற்றித் தரலாம் என்றார்.

அவர் ஒவ்வொன்றாக ஒலிக்க விட, தம்பி கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். இரண்டாவது சத்தம் வந்ததும் புளியைக் கடித்தவன் மாதிரி முகத்தைச் சுளித்தான். மூன்றாவது வந்தபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மெக்கானிக்கைப் பட்டறையைச் சுற்றி ஒருமுறை ஓட்டச் சொன்னான். வேகம் ஏற ஏறச் சத்தமும் மேலே ஏறியது, பிறகு இறங்கியது.

“இது போதும்க்கா.”

“நல்லா இருக்கா?”

“நல்லாவெல்லாம் இல்ல. ஆனா ஒத்தையா இருக்கு. ஒத்தையா இருந்தா எங்கிட்ட எதுவும் கேக்காது.”

திரும்பும் வழியில் அவன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். அக்காவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு சத்தம் உரசுகிறது என்றானே, அது கடைசிவரை அவளுக்குக் கேட்கவே இல்லையே. வாய்விட்டுக் கேட்டதும் அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், பாதியில் விட்டு வந்த பள்ளிக்கூடத்துக்குக் காரை விட்டான்.

காலியான கூடத்தில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தம்பி பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே காட்டினான். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு கம்பி ஒலிக்கும் என்றுதான் அக்கா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். நடுவில் இருக்கிற கட்டைகளுக்கு மும்மூன்று கம்பி. மூன்றும் இம்மி பிசகாமல் சேர்ந்தால்தான் ஒன்றாகக் கேட்குமாம். அவன் ஒரு கம்பியைக் கம்பளித் துண்டால் அடைத்துவிட்டு மற்ற இரண்டை ஒலிக்க விட்டான்.

“சத்தத்தைக் கேக்காத. அதுக்குள்ள ஏதாவது அசையுதான்னு பாரு.”

முதலில் பிடிபடவில்லை. நாலாவது தடவை பிடிபட்டது. குடத்துத் தண்ணீர் தளும்புவது போல, ஒலிக்குள்ளே ஒரு தளும்பல். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காரிலும் இதேதான் என்றான் அவன். பிறகு முறுக்குச் சாவியை அவள் கையில் கொடுத்து, கம்பி சுற்றியிருந்த ஓர் ஆணியில் மாட்டிவிட்டான். திருப்பக் கூடாது, திருப்ப நினைத்தாலே போதும் என்றான்.

அவள் நினைத்தாள். தளும்பல் மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. பிறகு மறுபடியும் வேகமாகத் தளும்பத் தொடங்கியது.

“டேய், தாண்டிட்டேன்டா.”

“பரவால்ல. அப்படியே திரும்பி வா.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஓரிடத்தில் தளும்பல் நின்றது. இரண்டு கம்பிகள் இருந்த இடத்தில் ஒரே ஒலி, விளக்குச் சுடர் காற்றில்லாமல் நிற்பது போல நேராக நின்றது. அது முழுக்க அடங்கியது. பிறகு மூன்றாவது கம்பியை அடைத்திருந்த கம்பளித் துண்டை அக்காவே உருவி எடுத்தாள்.