வீடு யார் பேரில்?

கல்லில் பேர் செதுக்கியிருந்தால் வீடு அவனுடையதுதானே என்று தாஜுன்னிசா நினைத்ததில் என்ன தப்பு? நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். காரமடையில் பாலகோபாலின் வீட்டு வாசலில் ‘பாலகோபால் இல்லம்’ என்று கருங்கல்லில் பொன்னெழுத்து மின்னுகிறது. அதைப் போனில் படம் பிடித்து வந்து வக்கீல் கிளாடிஸிடம் காட்டினாள்.

கிளாடிஸ் சிரித்துவிட்டாள். “அக்கா, கல்லு சொன்னா கோர்ட்டு நம்பாதுங்க. வீடு அவரு பேர்லதான் இருக்குதுன்னு வில்லங்கச் சான்று எடுத்துக் காட்டோணும். அதுக்கப்புறந்தான் ஜப்தி மனு.”

தாஜுன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டைமேட்டில் ஆறு தையல் மெஷின் போட்டு, அந்த ஆளின் ஜவுளிக் கடைக்கு ஒரு வருஷம் நைட்டி தைத்துக் கொடுத்தவள் அவள். கூலி ஐந்தரை லட்சத்தை அவன் ஏப்பம் விட்டுவிட்டான். தைத்த பெண்களுக்கு நகையை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தாள். மூன்று வருஷம் கோர்ட்டுப் படியேறித் தீர்ப்பும் வாங்கியாயிற்று. அவன் கடையோ வாடகைக் கடை, காரோ லோன் கார். மிச்சம் இந்த வீடு ஒன்றுதான். இதுவும் கைநழுவினால் தீர்ப்பை ஊறுகாய் போட்டுத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வில்லங்கச் சான்று வந்தது. எத்தன்! அவள் வழக்குப் போட்ட மறுமாசமே வீட்டைத் தன் தாய் சென்னியம்மாளுக்குத் தானமாக எழுதி வைத்திருக்கிறான்.

“உங்களை ஏமாத்தத்தான் எழுதினாருன்னு நிரூபிக்கலாமுங்க. ஆனா அதுக்குத் தனியா இன்னும் சில வருஷம் இழுக்கும்,” என்றாள் கிளாடிஸ்.

வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். தாஜுன்னிசாவுக்கோ மண்டை குடைந்தது. யார் இந்தச் சென்னியம்மாள்? மகனோடு சேர்ந்த கூட்டுக் களவாணியா? பார்த்தே தீர வேண்டும். மறுநாளே சான்றைக் கைப்பையில் திணித்துக்கொண்டு காரமடைக்குப் பஸ் ஏறினாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. வாசற்படியில் ஒரு கிழவி, பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி.

“ஏனுங்கம்மா, பாலகோபால் இல்லைங்களா?”

“எம்மவன் காருக்குப் பெட்ரோல் போடப் போயிருக்கறான் கண்ணு. என்னைய முதியோர் இல்லத்துல உடப் போறான். அவன் ஊடு. இருன்னா இருக்கோணும், போன்னா போகோணும்.”

“உங்க பேருங்க?”

“சென்னியம்மா.”

யா அல்லாஹ்! தாஜுன்னிசா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “இந்த வீடு உங்க பேர்லதானுங்க இருக்குது! ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கைநாட்டு வெக்கலைங்களா?”

“முதியோர் பென்சனுக்குன்னு கூட்டிட்டுப் போனான். போட்டோ கூடப் புடிச்சாங்க. பென்சன் வந்த பாட்டைத்தான் காணோம்.”

தாஜுன்னிசா சான்றை வரி விடாமல் வாசித்துக் காட்டினாள். கிழவி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். தன் பேர் வருகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நீ எதுக்கு அம்மணி இதைத் தேடிக்கிட்டு வந்தே?”

கூலிக் கதையைச் சொன்னாள். “இப்ப உங்க வீடாப் போனதால என்னால தொட முடியலைங்க.”

கார் வந்து நின்றது. இறங்கிய பாலகோபாலுக்கு, தாஜுன்னிசாவைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை.

“கோவாலு, இந்த ஊடு யாருது?” என்றாள் தாய்.

என்னுது என்றால், கேட்டுக்கொண்டு நிற்பவள் நேரே கோர்ட்டுக்குப் போவாள். உன்னுது என்றால், பெற்றவளை எந்த வாயால் வெளியே போகச் சொல்வது? கடைசியில் பணந்தான் ஜெயித்தது.

“உன்னுதுதாம்மா.”

“சாவியக் குடு.”

வாங்கிக் கதவைத் திறந்தாள். “உள்ள வா அம்மணி, காப்பி போடறேன்.” பிறகு மகன் பக்கம் திரும்பினாள். “நீ போயி இந்த அம்மணியோட கூலியக் கொண்டா. குடுத்துப்போட்டுத்தான் எம்பட ஊட்டுக்குள்ள காலு வெக்கோணும்.”