வண்டி மை

கார் எங்கள் வாசலுக்கு ஓடி வரவில்லை. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார், கோர்ட்டுக்குப் போகிற கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக. லட்சுமிபுரத்தில் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன. நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். தள்ளியவர்கள் தெருமுனையில் ஒருதரம், எதிர் வீட்டுக் கொட்டகைப் பக்கம் ஒருதரம் மூச்சு வாங்க நின்றதில் தட்டில் இருந்த கற்பூரம் அணைந்தே போயிற்று. மறுபடி ஏற்றிச் சுற்றினேன். அது 1936ஆம் வருஷம் ஆடி மாதம். ஆடியில் எதையும் வாங்கக் கூடாது என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

இவர் பேரை நான் வாயால் சொல்வதில்லை. வாசலில் பித்தளைப் பலகையில் இருக்கிறது: ஏ. பட்டாபிராமன், பி.ஏ., பி.எல். மதுரையில் கார் வைத்திருந்த பெரிய வக்கீல்கள் மூன்று பேர். ஜமீன் வழக்கெல்லாம் அவர்களிடமே போய்விழுகிறது என்று இவருக்குத் தீராத எரிச்சல். ஜட்காவில் வருகிற வக்கீலுக்கு ஜட்கா கேஸ்தான் வரும் என்பார். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஜமீன்தார், பீஸ் தருவதற்குப் பதிலாகத் தன் சீமைக் காரைத் தள்ளிவிட்டார். பதின்மூன்று வருஷத்துக் கார். பாம்பு மாதிரி நீண்ட ஊதுகுழல், உள்ளே நீல வெல்வெட் மெத்தை, பூ செருக வெள்ளிக் குவளை. எல்லாம் இருந்தது, ஓடுவதைத் தவிர.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் முழுசாக உட்கார்ந்து காப்பி குடித்ததில்லை. இவர் பாதி டம்ளரோடு எழுந்து, கார் நிற்கிற எங்கள் கொட்டகைக்குப் போவார், வருவார், மறுபடி போவார். ரேடியேட்டர் ஒழுகிற்று. யாரோ சொன்னார்கள் என்று கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றினார்கள்; இரண்டு நாள் ஒழுகல் நின்றது, மூன்றாம் நாள் கஞ்சியாக வந்தது. ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் பட்டணத்துக்கு எழுத வேண்டும், பட்டணத்துக்காரன் சீமைக்கு எழுத வேண்டும். தபால்காரனைக் கண்டால் இவர் தெருவிலேயே இறங்கிவிடுவார். எனக்கும் ஒரு வேலையில் மனசு நிலைக்கவில்லை. அரிசி களையும்போதும் காது கொட்டகையில்தான் இருக்கும்.

பேயாண்டியைச் சொல்ல வேண்டும். எழுமலைக்காரன். ஆறு வருஷமாக இவரைக் கோர்ட்டுக்கு ஏற்றிப்போன ஜட்கா அவனுடையது. செவலைக் குதிரை ஒன்று வைத்திருந்தான். கார் வந்ததும் இவர் அவனைக் கூப்பிட்டு, குதிரையை விற்றுவிட்டு டிரைவிங் கற்றுக்கொள், சாகிறவரை உனக்கு என் வீட்டில் வேலை என்றார். பெரிய மனசு என்று ஊர் சொல்லிற்று. நிஜ டிரைவர் சம்பளமும் கேட்பான், எதிர்ப்பேச்சும் பேசுவான் என்பது எனக்குத் தெரியும். பேயாண்டி செவலையை மாட்டுத்தாவணிச் சந்தையில் விற்றுவிட்டுச் சவுக்கை மட்டும் கொண்டுவந்து கொட்டகை ஆணியில் மாட்டினான். இருபது நாளில் ஓட்டப் பழகிவிட்டான். விடிவதற்குள் வந்து காரைக் குளிப்பாட்டுவான், துடைத்துக்கொண்டே அதனிடம் ஏதோ பேசுவான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கீச்சுச் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. காரை நிறுத்தக் காலை அழுத்தினால் போதும், நாலு சக்கரமும் சேர்ந்து வீரிடும். அடுத்த வீட்டு சாவித்ரியின் அகத்துக்காரரும் வக்கீல்தான், சைக்கிளில் போகிறவர். அந்தச் சனிக்கிழமை கிணற்றடியில் நாலு பேர் முன்னால், "உங்காத்துக் கார் கத்தினப்புறந்தான் நான் பாலையே அடுப்பில வைக்கறேன் விஜயம். கடியாரமே வேண்டாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேரே கொட்டகைக்கு வந்தேன். மறுநாள் மேலூர்ப் பயணம். அங்கே ஒரு பெரிய பண்ணைக்காரர், கண்மாய்த் தண்ணீர் வழக்கு, ஹைகோர்ட்வரை போகக்கூடியது. குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல்லியிருந்தார். இந்தச் சத்தத்தோடு போய் அங்கே இறங்குவதா? சக்கரத்துக்கு மை போடு என்றேன் பேயாண்டியிடம். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் போடுகிற வண்டி மைதான். பிறந்ததிலிருந்து வண்டியில் போகிறவள், எனக்குத் தெரியாதா?

பேயாண்டி தலையைச் சொறிந்தான். "மேஸ்திரிய ஒரு வார்த்த கேட்டுக்கிருவம்மா. இது வேற சாதி வண்டி" என்றான்.

"மை போடறதுக்கு மேஸ்திரியா? ஆறு வருஷமா ஜட்காவுக்கு யாரைக் கேட்டுண்டு போட்டே?"

நானே உள்ளே போய்க் கைக்கு அகப்பட்ட கிண்ணத்தில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். அது இவருடைய சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் கிண்ணம், வெண்கலம், ப.ரா. என்று எழுத்து வெட்டியது. கொட்டகைக்குப் போன பாத்திரம் திரும்ப அடுக்களைக்குள் வரக் கூடாது. அங்கேயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாலு சக்கரத்தையும் கழற்றி, எங்கே தேய்ந்து கத்துகிறதென்று பார்த்து, அங்கெல்லாம் வஞ்சனையில்லாமல் தடவிப் பூட்டினான்.

மறுநாள் காலையில் கார் ஒரு முனகலில்லாமல் தெருவைக் கடந்தது. நான் சாவித்ரி வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு அத்தனை சந்தோஷம். வைகைப் பாலம் ஏறும்போது பேயாண்டி, "பிடிமானம் கம்மியாத் தெரியுது சாமி. நிறுத்திப் பாத்துட்டுப் போவமா?" என்றான். நேரமாகிவிட்டது, ஓட்டு என்றார் இவர். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஒத்தக்கடை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதையை அடைத்துக்கொண்டு ஆடுகள், அதற்கப்பால் நெல் மூட்டை வண்டிகள். பேயாண்டி காலை அழுத்தினான். கார் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் கைப் பிரேக்கை இழுத்தான், அதுவும் கேட்கவில்லை. அப்புறம் எல்லாம் மறந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு, "ஓ… ஓ… ஓ…" என்றான். குதிரையை நிறுத்துகிற மாதிரியே. கடைசி நிமிஷத்தில் ஒடித்துக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டான். ஓர் ஆட்டுக்குக்கூட அடியில்லை. எனக்கும் இவருக்கும் சிராய்ப்பு. பேயாண்டிக்கு வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. இவர் இடுப்புவரை சேறாக, தலைப்பாகை இல்லாமல், யாருடைய மாட்டுவண்டியிலோ மேலூர் போய்ச் சேர்ந்தார். பண்ணைக்காரர் உடம்பெல்லாம் விசாரித்தாராம், வேஷ்டி மாற்றிக்கொள்ளக் கொடுத்தாராம். வழக்கை வேறு வக்கீலிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை இவர் கோவணத்தோடு முற்றத்தில் நின்றுகொண்டு, கிண்ணம் எங்கே என்று கேட்டார். காக்காய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றேன். இவ்வளவு பெரிய கிண்ணத்தையா என்றார்.

சாயங்காலம், கண்மாயிலிருந்து இழுத்துப்போன காரைப் பிரித்த ஒர்க்‌ஷாப் மேஸ்திரி பால்பாண்டி வந்தான். கந்தல் துணி ஒன்றை விரித்துக் காட்டினான், கறுப்பாக, பிசுபிசுவென்று. "பிரேக்குக்குள்ள போயி வண்டி மையத் தடவிருக்காய்ங்க சாமி. உரசுனாத்தான நிக்கும்? வழுக்கினா எப்படி நிக்கும்?" என்றான்.

இவர் பேயாண்டியை வரவழைத்தார். முற்றத்தில் நிறுத்தி, கோர்ட்டில் கேட்கிற மாதிரியே கேட்டார். யார் போட்டது, எப்போது, யார் சொல்லி? நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல சாமி. நாந்தேன், புத்திகெட்டுப் போயிப் போட்டுட்டேன்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் இவர். பேயாண்டி தலையை ஆட்டினான். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். அன்று ராத்திரி ரசத்தில் உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை.

காலையில் அவன் சவுக்கை எடுத்துக்கொண்டு போக வந்தான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை கழுத்தில் தொங்கிற்று. கொல்லைப்பக்கம் வந்து, இடது கையால் துண்டுக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்துப் படியில் வைத்தான்.

"கொட்டகைல கெடந்துச்சும்மா. ஐயா பேரு வெட்டிருக்கு, அவுக கண்ணுல பட்டா ஒங்களக் கேப்பாக. சாம்பல் போட்டு நல்லாத் தேச்சுட்டேன். எழுத்துக்குள்ள போனது மட்டும் வரமாட்டேங்குது."

இனி எங்கே போவாய் என்று மட்டும் கேட்டேன். எழுமலைக்கே போவதாகச் சொன்னான். கை கூடினால் கூலிக்குப் போகலாமாம். செவலையை மேலூர்க்காரர் ஒருவர் வாங்கியிருக்கிறாராம். "பாத்தா கனைக்கும்மா. அதுனால இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்றான். "நான் வாரேன்."

கிண்ணத்தை எடுத்தேன். பளபளவென்று இருந்தது. ப.ரா. என்ற எழுத்து மட்டும் கரிக்கறுப்பாக, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியே நடந்து கூடத்துக்குப் போய், இவர் பிரித்து வைத்திருந்த கேஸ் கட்டின்மேல் வைத்தேன்.

"கிடைச்சுடுத்தா?" என்று கையில் எடுத்தவர், எழுத்தைப் பார்த்தார். நகத்தால் கீறினார். நகம் கறுத்தது. முகர்ந்து பார்த்தார்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றேன். "அவன் மேஸ்திரியைக் கேக்கலாம்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன்."

இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் எழுந்து, வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார். "மெதுவாப் பேசு. ஆனது ஆயிடுத்து. வக்கீல் ஆத்துல இப்படின்னு வெளியில தெரிஞ்சா நன்னாருக்குமா?" என்று உட்கார்ந்து, கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். கேஸ் கட்டில் படித்து விட்ட பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

வெளியே கொட்டகைக் கதவைப் பேயாண்டி சாத்துவது கேட்டது.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். பின்னாலிருந்து இவர், "விஜயம்" என்றார். வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். அவன் அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்தான், சவுக்கு கக்கத்தில் இருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் தெருவில் நின்று யாரையும் கூப்பிட்டதில்லை.

"பேயாண்டி!"

லட்சுமிபுரத்தில் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன. சாவித்ரி வீட்டு ஜன்னல்தான் முதலில். தெருமுனையில் அவன் நின்றான், திரும்பவில்லை. நான் கிண்ணத்தை எழுத்து வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடந்தேன்.