மூன்றுக்குப் பதில் பத்து

புகார் வந்த தெருவின் பெயரைப் பார்த்ததும் தர்மேந்திரனுக்கு முகம் சுண்டிவிட்டது. பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில், ஐந்தாம் கட்டைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய வீடமைப்புத் தாமான். அந்தத் தெருவில்தான் அவன் அக்கா மங்களம் குடியிருக்கிறாள். நாலு வருஷமாக அவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேறு ஆளை அனுப்பலாமென்றால், ஈப்போ அலுவலகத்தில் 5ஜி டவர்களைச் சீர்பார்க்க இருப்பது அவன் ஒருவன்தான்.

சண்டை அப்பாவின் சாவில் தொடங்கியது. தோட்டத்து இடுகாட்டில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைக்கவேண்டும் என்று அக்கா அழுதாள். மழை, சேறு, வண்டி போகாத பாதை என்று காரணங்களை அடுக்கி, ஈப்போவுக்குக் கொண்டுபோய்த் தகனம் செய்தான் இவன். காரணம் எல்லாம் நியாயம்தான். ஆனால் நியாயம் பேசுகிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "உனக்கு என்ன தெரியும்?" என்று ஊரே கூடியிருந்த இடத்தில் அக்காவைக் கேட்டுவிட்டான். அதோடு பேச்சு நின்றது.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அக்காதான் இறங்கிவந்து போன் செய்தாள்.

"தர்மா, நம்ம புஷ்பாவுக்குக் கல்யாணம்டா. தை மாசம். தாய்மாமன் நீதான் வந்து…"

"இப்பத்தான் தம்பி ஞாபகம் வந்துச்சாக்கும்?"

கோபத்தில் பாதி, உள்ளே பொங்கிய சந்தோஷத்தை மறைக்கப் பாதி, அப்படிக் கேட்டான். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொஞ்சநேரம் பொறுத்தான். "பேச மாட்டியோ? சரி" என்று போனை வைத்துவிட்டான். வேண்டுமானால் அவளே திரும்ப அழைக்கட்டும் என்று வீம்பாக இருந்தான். அழைப்பு வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. கல்யாணத்தன்று தம்பூனில் ஒரு டவரைப் பார்க்கப் போனவன், வேலை முடிந்த பிறகும் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

இப்போது அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் காரை நிறுத்தி, சோதனைப் போனைக் கணினியில் இணைத்தான். இந்தப் புது டவர்கள் பழையவைபோல் நாலாபக்கமும் அலையை வாரி இறைப்பதில்லை. டார்ச் லைட் அடிப்பதுபோல ஒவ்வொரு போனையும் குறிவைத்து ஒரு கற்றையை அனுப்பும். குறுக்கே ஏதாவது வந்தால் கற்றை தவறும். தவறியது டவருக்குத் தெரியாது. போன்தான் தவறியதை எண்ணி, எண்ணிக்கை நிறைந்ததும் வேறு கற்றையைத் தேடிப் பிடித்து, இதில் பேசு என்று டவரைக் கேட்கவேண்டும். எத்தனை தவறினால் கேட்கலாம் என்று எண்ணை வைப்பது தர்மேந்திரனின் வேலை.

குவாரி லோரிகள் நாலு வந்து சந்தியில் வரிசைகட்டி நின்றன. திரையில் தவறிய எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. எட்டைத் தொடும்போதே இணைப்பு செத்துவிட்டது. பள்ளமான இடம், வேறு டவரும் எட்டாது. அரை நிமிஷத்துக்குப் போன் ஊமையாகக் கிடந்தது.

டவரின் அமைப்பைத் திறந்தான். மூன்று இருக்கவேண்டிய இடத்தில் பத்து இருந்தது. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் அவன் பெயரே இருந்தது. தேதி, போன செப்டம்பர்.

நினைவுக்கு வந்தது. மாத அறிக்கையில் கற்றை தவறும் கட்டம் சிவப்பாகவே இருந்தது. எண்ணைப் பத்தாக்கினால், பத்துவரை எட்டாத தவறு எதுவும் அந்தக் கட்டத்தில் ஏறாது. கட்டம் பச்சையானது. அறுந்துபோன இணைப்புகள் வேறொரு பக்கத்தில் ஏறின, அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. மேலாளர் கைகொடுத்தார். இந்தப் புத்திசாலியும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டான்.

அக்கா போன் செய்தது அதற்கு அடுத்த மாதம். ஆயிரம் அறுந்த இணைப்புகளைப் பார்த்தவனுக்கு, அன்றைக்கு இதுவும் அறுந்திருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றவில்லையே! ஊரார் போன் அறுந்தால் டவர் கோளாறு, அக்கா போன் அறுந்தால் அவள் திமிர்.

எண்ணை மூன்றாக்கினான். அடுத்த லோரி மறைத்தபோது, மூன்றாவது தவறிலேயே போன் சுண்ணாம்பு மலையில் பட்டுத் திரும்பும் ஒரு கற்றையைப் பிடித்துக்கொண்டது. சோதனைப் பேச்சு ஒரு சொல்லும் சிதறாமல் ஓடியது. இவ்வளவுதான் வேலை.

காரைவிட்டு இறங்கி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். மங்களம் கிரில்லைத் திறந்து, "வா" என்று மட்டும் சொன்னாள். வரவேற்பறைச் சுவரில் புஷ்பாவின் கல்யாணப் படம். மணவறைக்கு முன்னால், தாய்மாமன் இடத்தில் கையில் மாலையோடு நிற்பது பக்கத்து வீட்டுச் சதாசிவம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். "லைன்தான் அறுந்துச்சுக்கா. டவர்ல அந்த நம்பர மாத்துனது நான்தான். நீ பேசலன்னு நெனச்சு வச்சிட்டேன்."

"நான் இங்க வாசல்ல நின்னு தர்மா, தர்மான்னு கத்துறேன்டா. பதிலே இல்ல. மூஞ்சியில அடிச்ச மாதிரி போன வச்சவன், வெத்தல பாக்கு வச்சா மட்டும் வருவானான்னு விட்டுட்டேன்."

"அதான்க்கா, அறுந்துபோச்சு."

"சரிலா, அறுந்துச்சு. திரும்ப அடிக்கவிடாம உன்ன எந்த டவர்டா தடுத்துச்சு?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் அடிக்கல," என்றாள்.

புஷ்பா இப்போது ஜொகூரில் இருக்கிறாள். அவளுக்கு இனி ஒரு கல்யாணம் இல்லை, அவனுக்கு வேறு அக்கா மகளும் இல்லை. தர்மேந்திரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியது.

"நான் போடறதுக்குன்னு மாலை எதுவும் வாங்கலயாக்கா?"

"வாங்காமலா? ஐயர் நேரமாச்சுன்னு சொல்ற வரைக்கும் எடுத்து வச்சிருந்தேன்." படத்தில் சதாசிவத்தின் கையைக் காட்டினாள். "அதான் இது. வாடிப்போறதுக்குள்ள யாராச்சும் போடணும்லடா."