மீன்தொட்டிக்குப் போர்வை

எங்கள் தெருமுனையிலேயே கடல் இருக்கிறது. காசு கேட்காமல் அலையடித்துக்கொண்டு கிடக்கிறது. அப்படியிருக்க என் வீட்டுக்காரன் டெஸ், மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி வாளியில் கரைத்து, கூடத்தில் இன்னொரு கடல் கட்டினால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

அவனுடைய அக்கா மெர்ல் மார்பில் கட்டி வந்து செத்துப்போன வருஷம் வாங்கிய தொட்டி அது. அந்த வருஷம் முழுக்க அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தொட்டிக் கண்ணாடி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தே கழித்தான். அதனால்தான் இந்த அக்டோபரில் என் மார்பிலும் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோது, அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துப் பெரிய ஊரான டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதையெடுத்துப் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். தனியாகப் போய்வந்து, நல்ல சேதியாக இருந்தால் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. டெஸ் மாம்பழம் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனதும் அந்த முக்காலியில் உட்கார்ந்து மீன்களிடம் சொன்னேன். சும்மா உட்கார்ந்தால் அதுகள் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு சிட்டிகை தீனி போட்டால் கோமாளி மீன்கள் இரண்டும் கண்ணாடியருகே வந்து, ‘அப்புறம்?’ என்று கேட்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறம் என்ன, இன்னொரு சிட்டிகை.

தீனி மிஞ்சினால் தண்ணீரில் கரைந்து பாசிக்கு எருவாகும் என்று நான் கண்டேனா? தொட்டிக்குள் இருந்த பாறையெல்லாம் பச்சை மயிர் முளைத்துவிட்டது. டெஸ் தண்ணீரை மாற்றினான், பாசி தின்னும் நத்தை வாங்கி விட்டான், முழங்கை வரை கையைவிட்டுப் பாசியைப் பிடுங்கினான்.

“உப்பு சரியில்ல, கிளெனிஸ். கடைக்காரன் மட்டமான சரக்கத் தலையில கட்டிட்டான்.”

“வாசல்ல கெடக்குற கடல விட்டுட்டு மூட்டையில கடல் வாங்குனா இப்படித்தான்.”

“சரி சரி, அந்தப் பழைய பல் பிரஷ்ஷ எடு, தேய்க்கணும்.”

“உன் பல்ல இவ்வளவு அக்கறையா தேய்ச்சு நான் பாத்ததே இல்ல.”

பாசி அவன் உயிரோடு வளர்த்த பவளத்தின்மேலும் ஏறத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை அவன் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, எங்கள் குளிர்காலக் கம்பளியைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றி மூடினான். ஓரங்களில் டேப் ஒட்டினான்.

“மூணு நாளைக்கு வெளிச்சமும் இல்ல, தீனியும் இல்ல. பாசி வெளுத்துப் போயிடும்.”

“மீனுங்க?”

“அதுங்க தாங்கும்.”

“எட்டிக்கூடப் பாக்கக் கூடாதா?”

“கூடாது. உனக்கென்ன திடீர்னு? இந்தச் சனியன எப்ப வித்துத் தொலைப்பேன்னு கேட்டவதானே நீ.”

மறுநாள் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பளியிடம் என்னத்தைச் சொல்வது? பேச ஆளில்லாமல் பயம் உள்ளேயே கிடந்து புரண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வெள்ளிக்கிழமையும் நெருங்கிவிட்டது.

வியாழன் சாயங்காலம் சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்தேன். எப்போதும் தொட்டியைப் பார்த்தபடியே சாப்பிடுகிறவனுக்கு அன்று பார்க்க என்னைத் தவிர வேறொன்றுமில்லை. எனக்கும் அவனைத் தவிர யாருமில்லை.

“எனக்கு மார்ல ஒரு கட்டி, டெஸ். நாளைக்கு டவுன்ஸ்வில்லுக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

முள்கரண்டியைக் கீழே வைத்தான். எழுந்து முக்காலிக்குத்தான் போகப்போகிறான் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையில் மாம்பால் வாடை அடித்தது.

“எப்பலேருந்து?”

“மூணு வாரமா.”

“யார்கிட்டயுமே சொல்லலயா?”

“உன் மீனுங்ககிட்ட சொன்னேன்.”

கம்பளி போர்த்திய தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். “அதுக்குத்தான் தீனியா,” என்றான்.

“தெரியுமா உனக்கு?”

“டப்பா பாதி காலி, முக்காலியும் இடம் மாறிக் கெடந்துச்சு. அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டே உப்பு உப்புன்னு கத்துனியா?”

“இத்தன வருஷம் அது பக்கமே வராதவ, உக்காந்து தீனி போடுறியேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். போடாதேன்னா எந்திரிச்சுப் போயிடுவியோன்னு பயம். பாசிதானே, தேய்ச்சுக்கலாம்னு விட்டுட்டேன். உப்பு மேல பழி போட்டா அது வந்து சண்டையா போடும்?” என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். “நீ என்ன சொல்லிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியாம போச்சே, கிழவி.”

மீன்கள் முன்னால் ஒருநாளும் வராத அழுகை அப்போது வந்தது. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வேண்டிய மட்டும் அழுதேன். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. சாப்பாடு ஆறிப்போயிற்று.

காலையில் கொட்டகைக்குப் போன் போட்டு, வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். என் பையைக் காரில் வைத்துவிட்டு வந்து கம்பளியை உருவினான். பாறைமேல் பாசி வெளுத்துத் துவண்டு கிடந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் அவனை விட்டுவிட்டு நேராக நான் நின்ற பக்கம் வந்தன.

“உன்னத்தான் தேடுதுங்க,” என்று தீனி டப்பாவைத் திறந்து நீட்டினான். “போடு.”

“மறுபடியும் பாசி வருமே.”

“வரட்டும். ஊருக்குப் போயிட்டு வந்து ரெண்டு பேருமா தேய்ப்போம்.”

ஒரு சிட்டிகை போட்டேன். அதுகள் தின்று முடிக்கும்வரை அவன் கார்ச்சாவியோடு பக்கத்திலேயே நின்றான்.